அவள் கேட்டிராத ஒரு பக்கம்

பிப்ரவரி 6, 1966

அன்புள்ள ஹானுஸ்,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காற்று வடமேற்கு, மீன் பரவாயில்லை, நான் நலம், பிள்ளைகளுக்கு முத்தம். இதைச் சுமந்துகொண்டு கிரீன்லாந்திலிருந்து நம் தீவுக்கு ஒரு கப்பல் வர வேண்டுமா? வானொலியில் வானிலை சொல்கிறவன்கூட உன்னைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுகிறான். பிள்ளைகள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், உள்ளே இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று.

போகட்டும். நான் நல்ல செய்தி சொல்ல வந்தேன். நம் மர்யுன் படிக்கிறாள்!

பெயினிர் படித்த கதை உனக்கு நினைவிருக்கும். ஐந்து வயதில் சமையலறை மேசைக்கு அடியில் ரப்பர் பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பான். யாரும் அவனுக்கு ஓர் எழுத்து சொல்லித் தரவில்லை. ஒரு நாள் தலையை நீட்டி, "அம்மா, உத்தரவாதம்னா என்ன?" என்று கேட்டான். அன்றிலிருந்து இன்றுவரை உதடு அசையாமல் படிக்கிறான். பத்து வயதாகிறது, உருளைக்கிழங்கு எடுத்து வரச் சொல்லி மூன்று தடவை கத்த வேண்டியிருக்கிறது.

மர்யுன் அவனுக்கு நேர் எதிர். ஊருக்கே கேட்கும்படி படிக்கிறாள். நேற்று பக்கத்து வீட்டு பில்லா காபி குடிக்க வந்தபோது அரிச்சுவடியை எடுத்து வரச் சொன்னேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தடுமாற்றம் இல்லை. உடம்பை ஆட்டிக்கொண்டு, ராகம் போட்டு, பாதி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே படித்தாள். கண் அவ்வளவு வேகம். பில்லா வாயைப் பிளந்தாள். அவள் மகன் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி மாளாது.

இந்தத் தடவையாவது இரண்டு பக்கம் எழுது.

சன்னா


பிப்ரவரி 21, 1966

சன்னா,

கடிதம் கிடைத்தது. காற்று தெற்கு. மீன் நிறைய. கை வெடித்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

மர்யுன் பற்றி. ஒன்று செய். அவள் படிக்கும்போது நீ பக்கத்தில் இருந்து தாளைப் புரட்டு. ஓர் இடத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டு. என்ன செய்கிறாள் பார். பில்லா முன்னால் வேண்டாம். கோபப்படாமல் செய்.

முத்தம்.

ஹானுஸ்


மார்ச் 10, 1966

ஹானுஸ்,

நீ சொன்னபடி செய்தேன். கோபப்படாமல் மட்டும் செய்ய முடியவில்லை.

இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன். படத்தில் குதிரை இருந்தது. இவள் விட்டுப்போன பக்கத்துப் பூனைக் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறாள், ஒரு சொல் பிசகாமல்! "மர்யுன், பூனை எங்கே இருக்கு, காட்டு" என்றேன். விரலைக் குதிரை மேல் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது.

ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆறு மாதமாகப் பள்ளிக்கூடம் போய், ஏழு வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் நம் பள்ளிக்கூடத்தில், மற்றவர்கள் படிப்பதைக் காதால் பிடித்து வைத்திருக்கிறாள். கேட்டால், "எனக்கு மனசுல இருக்கே, அப்புறம் எதுக்கு அதைப் பார்க்கணும்?" என்கிறாள். தவக்காலத்துக்கு முந்தைய கடைசிச் சங்கிலி ஆட்டத்தில் பெரியவர்களோடு கைகோத்து, தொண்ணூறு சரணம் உள்ள கதைப்பாட்டை முழுசாகப் பாடினாள். எல்லாரும் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நானும்தான். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நிக்ளாஸ் வாத்தியாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் அதிர்ந்துபோனார். அவரும் ஏமாந்திருக்கிறார், பாவம். இரண்டு நாள் சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தலைநகர் தோர்ஷாவ்னில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறதாம். அங்கேயே ஒரு வீட்டில் தங்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கும் கோடைக்கும்தான் வீட்டுக்கு வர முடியும். ஆகஸ்டில் சேர்க்க வேண்டுமானால் இப்போதே இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். நான் போட்டுவிட்டேன். நீயும் போட்டு அனுப்பு.

எனக்கு மட்டும் இஷ்டமா? ஏழு வயது. ஆனால் படிக்கத் தெரியாமல் வளர்ந்து என்ன செய்வாள்? அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கக் கற்றுக்கொள்ளும்வரை இந்த வீட்டில் பாட்டு கூடாது என்று மட்டும் சொன்னேன். நான்கு நாளாக அவள் வாயே திறக்கவில்லை. வீடு வீடாகவே இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதது, கிரீன்லாந்தில் இருக்கிற உனக்கு எப்படித் தெரிந்தது?

சன்னா


மார்ச் 29, 1966

சன்னா,

தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதை என் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஐந்து நாள் ஆனது. யாரும் உதவவில்லை. தப்பு இருந்தால் இருக்கட்டும்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். நானும் அதையே செய்தேன், அதனால் தெரிந்தது. எனக்குப் படிக்க வராது.

சுத்தமாக வராது என்று இல்லை. இப்போது வருகிறது, நத்தை வேகத்தில். ஆனால் நமக்குக் கல்யாணம் ஆனபோது வராது. கோவிலில் உன் பக்கத்தில் ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினேனே, அத்தனையும் மனப்பாடம். பக்கத்தைக்கூட உன்னைப் பார்த்துத்தான் புரட்டினேன். செய்தித்தாளை நீ வாசிக்கக் கேட்டேனே, உப்புத் தண்ணீரில் கண் எரிகிறது என்று சொல்லி? கண்ணுக்கு ஒன்றும் இல்லை. என் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, அரிச்சுவடியில் இருக்கிற மாதிரி நிற்கிறது என்று நீ கிண்டல் செய்வாய். சேர்த்து எழுத நான் கற்றுக்கொள்ளவே இல்லை. நான்கு வரி எழுதுவதற்குள் வியர்த்துவிடும். உன் கடிதங்களில் பாதியை நான் படித்ததே இல்லை. இதைச் சொல்லத்தான் ஐந்து நாள்.

முப்பது வயதில், இந்தக் கப்பலில், நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். தெரியாத புத்தகத்தை விட்டுவிட்டு ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பாட்டு எனக்குத் தெரியும். ஆகவே முதல் சொல் இதுதான், இரண்டாவது சொல் இதுதான் என்று விரல் வைத்துப் பார்த்தேன். காதுக்குத் தெரிந்ததைக் கண்ணுக்கு அறிமுகம் செய்துவைத்தேன், அவ்வளவுதான். விரலைத் தாண்டி வாய் ஓடக் கூடாது. அது ஒன்றுதான் கஷ்டம்.

மர்யுனுக்கு அரிச்சுவடியைக் கொடுக்காதே. அதை அவள் வெறுத்துவிட்டிருப்பாள். வாத்தியாரிடம் கதைப்பாட்டுகள் அச்சடித்த புத்தகம் இருக்கும், கேட்டு வாங்கு. அந்தத் தொண்ணூறு சரணப் பாட்டு இருக்கிறதல்லவா, அதைக் கொடு. பாடவிடு. பாட்டை நிறுத்தியது தப்பு சன்னா. அவளிடம் இருப்பதே அதுதான்.

அவளுக்கு முட்டாள் என்று பெயர் வாங்கித் தராதே. அந்தப் பெயரை யாரும் எனக்கு வைக்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன், பயத்தில்.

ஹானுஸ்


ஏப்ரல் 20, 1966

ஹானுஸ்,

மூன்று நாள் உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. உன்மேல் அப்படி ஒரு கோபம்.

பன்னிரண்டு வருஷம்! பன்னிரண்டு வருஷமாக எனக்குக் காது குத்தியிருக்கிறாய். போதகர் பக்கத்துத் தீவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் வாசிக்க உன்னைக் கூப்பிட்டார்களே. நம் ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் பெருமையாகப் போய் நிற்பார்கள். நீ மாட்டேன் என்று எழுந்து வெளியே போனாய். ஹானுஸுக்குத் தலைக்கனம் என்று ஊரே பேசியது. நானும் அன்றைக்கு உன்னிடம் எப்படிச் சண்டை போட்டேன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன்னைக் கடித்தா தின்றிருப்பேன்? உன் கண்ணுக்காகத் தோர்ஷாவ்னிலிருந்து மருந்து வேறு வரவழைத்தேன். அதையும் போட்டுக்கொண்டாயே, மனுஷா!

என் கடிதங்களில் பாதியைப் படிக்கவில்லை என்று எழுதினாயே, அந்த வரியில் அழுதுவிட்டேன். நீ அக்கறை இல்லாதவன் என்று நினைத்து எத்தனை நாள் வெந்திருக்கிறேன் தெரியுமா.

சரி. சொல்லித் தீர்த்துவிட்டேன். இப்போது மர்யுன்.

வாத்தியார் புத்தகத்தைக் கொடுத்தார், நம்பிக்கை இல்லாமல்தான். "பாடலாம்" என்று நான் சொன்னதும் மர்யுன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நிஜமாவா? அப்புறம் திட்ட மாட்டியே?" என்றாள். விரல் வைக்கச் சொன்னேன். வைத்தாள். வைத்துப் பாடினால், விரல் இரண்டு சொல் முன்னால் போகிறது, ஒரு சொல் பின்னால் வருகிறது! மறுபடி இரண்டு முன்னால், ஒன்று பின்னால். "என்னடி பண்ற?" என்றேன். "அம்மா, இடப்பக்கம் ரெண்டு அடி, வலப்பக்கம் ஒண்ணு. அப்படித்தானே ஆடணும்?" என்றாள். சங்கிலி ஆட்டத்தில் கால் ஆடுகிறபடியே விரலும் ஆடுகிறது. பெயினிர் தரையில் விழுந்து சிரித்தான். "அவ படிக்கல, விரலால ஆடுறா!" என்றான்.

நிறுத்தத்தான் வாயைத் திறந்தேன். முதல் நாள் முழுக்கத் திருத்திப் பார்த்தேன், அழுகைதான் மிச்சம். இரண்டாம் நாள் விட்டுவிட்டேன். நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. பின்னால் வருகிறபோது அந்தச் சொல்லை அவள் இரண்டாம் தடவை பார்க்கிறாள். நாம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறோம், இவள் திரும்பி வந்து விசாரித்துவிட்டுப் போகிறாள். நேற்று உப்புப் பொட்டலத்தில் "அரசன்" என்ற சொல்லைக் கண்டுபிடித்தாள். "அம்மா, இது நம்ம பாட்டுல வர்றவன்!" என்று கூவினாள். ஹானுஸ், கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றேன்.

ஆனால் நாள் குறைவு. பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வாத்தியார் வருகிறார். அவள் கேட்டிராத ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். படித்தால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் தோர்ஷாவ்ன்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்போது உன் கையெழுத்து வேண்டும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் அவள் படித்துவிடுவாள் என்று தோன்றுகிறது, மறுநாள் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. தனியாக முடிவு செய்யப் பயமாக இருக்கிறது.

சன்னா

இதைப் பெரிய எழுத்தில், பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். கவனித்தாயா?


மே 8, 1966

சன்னா,

கவனித்தேன். ஒரே நாளில் படித்துவிட்டேன்.

நிக்ளாஸ் வாத்தியாருக்குப் பயப்படாதே. நல்ல மனிதர்தான். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் ஆடுகள்கூட மேய்வதை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். தலையாட்டிக் கேட்டுக்கொள்.

தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மர்யுனைத் தோர்ஷாவ்னுக்கு அனுப்ப எனக்கு இன்னும் இஷ்டமில்லை. ஆனால் தினமும் அவள் பக்கத்தில் உட்காருகிறவள் நீ. நான் தூரத்திலிருந்து மாட்டேன் என்று சொல்வது சுலபம். அனுப்பத்தான் வேண்டும் என்று நீ நினைத்தால் அனுப்பு. பிற்பாடு ஒரு நாளும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. துணைக் கேப்டன் பரீட்சைக்குப் போ என்று கேப்டன் நான்கு வருஷமாகச் சொல்கிறார். எனக்கு ஆசை இல்லை என்று சொல்லி வந்தேன். அதுவும் பொய். வருகிற குளிர்காலம் எழுதுகிறேன் என்று நேற்று சொல்லிவிட்டேன். தோற்றாலும் தோற்பேன். பயமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எழுத வெட்கமாக இருக்கிறது. நீ கோபமாக எழுதிய கடிதத்தை ஏழு தடவை படித்தேன். முன்பெல்லாம் சொற்களைத் தேடியே களைத்துப்போவேன், நீ எனக்குக் கிடைக்க மாட்டாய். இந்தத் தடவை கிடைத்தாய். திட்டும்போது நீ எவ்வளவு அழகு என்பதை மறந்துவிட்டிருந்தேன். என் சன்னாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஹானுஸ்


மே 28, 1966

என் ஹானுஸ்,

உன் கடிதத்தை நேற்று நான் படிக்கவில்லை. காதால் கேட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வாத்தியார் மூன்று மணிக்கு வந்தார். காபியும் ருபார்ப் ஜாம் தடவிய ரொட்டியும் கொடுத்தேன். அவர் பையிலிருந்து இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தார். மர்யுன் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாடம் முழுவதையும் ஒப்பித்தாள். அவர் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தார். அதுவும் அப்படியே. நான்காம் வகுப்பில், பெயினிர் தப்பாக வாசித்த இடத்தைக்கூட அதே தப்போடு சொன்னாள்.

"இதெல்லாம் எங்கம்மா கேட்ட?" என்றார் அவர்.

"நீங்கதானே சார் அங்க நின்னு பாடம் எடுத்தீங்க? நான் காதைப் பொத்திக்கவா முடியும்?" என்றாள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சன்னா, என்கிட்ட இருக்கிற புத்தகம் அத்தனையும் இவ கேட்டுட்டா. நான் எதை வெச்சுச் சோதிக்கிறது? படிச்சான்னு எப்படி எழுதுறது?" என்றார். படிக்கவில்லை என்றுதான் எழுதப்போகிறார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெயினிர் தபால் படகிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். வாத்தியார் உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை யாரும் கேட்டிருக்க முடியாது, இல்லையா?"

"இது என் புருஷன் எனக்கு எழுதினது!" என்றேன்.

"தெரியும்மா. வேணாம்னா விட்டுடலாம்."

விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உறையைக் கிழித்து, ஒரு வரிகூடப் பார்க்காமல் அவளிடம் கொடுத்தேன். உள்ளே இருந்த இன்னொரு தாள் மேசைமேல் விழுந்தது. மடிப்பிலிருந்தே அது எந்தத் தாள் என்று தெரிந்துகொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

மர்யுன் விரலை வைத்தாள். என் பெயரைத் தாண்டி, முதல் சொல்லுக்கே அவ்வளவு நேரம். "கவ... கவனித்... கவனித்தேன்." என்னைப் பார்த்தாள். "கவனித்தேன்னு எழுதியிருக்கார்! அப்பா!" என்றாள். அவள் மனதில் ஏற்கெனவே இல்லாத ஒரு சொல், தாளிலிருந்து புறப்பட்டு அவள் வாய்க்கு வந்தது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஆடுகள் வந்தன. ஒவ்வோர் ஆடாக, நிதானமாக, உரத்த குரலில். கடைசி ஆடு தூங்கும்வரை யாரும் அவளைத் தடுக்கவில்லை. வாத்தியாரின் காது சிவந்துவிட்டது. "நல்லா இருக்கு, மேல படி" என்றார். அவர் மனசு பெரிசு, ஹானுஸ். நீ வந்ததும் போய் மன்னிப்புக் கேள்.

அடுத்து அந்த வரி. நான் அவளிடம் சொல்லவே இல்லாத வரி. "மர்யுனைத் தோர்... தோர்ஷா..." அந்த ஊர்ப் பெயரை மூன்று முறை முயன்றாள். நான்காம் முறை வந்தது. "மர்யுனைத் தோர்ஷாவ்னுக்கு அனுப்ப எனக்கு இன்னும் இஷ்டமில்லை." விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, என்னை எங்கேயாவது அனுப்பப் போறியா?"

வாத்தியார்தான் பேசினார். "மர்யுன், அந்த வரியை இன்னொரு தடவை படி" என்றார். கண்ணில் தண்ணீர் ஓட, மறுபடி படித்தாள். இந்த முறை ஒரு திக்கல் இல்லை.

அவர் மேசைமேல் கிடந்த தாளை எடுத்தார். உன் கையெழுத்தையும் என் கையெழுத்தையும் பார்த்தார். நான்காகக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இந்த வரியைப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணை அனுப்புறதுக்கு எனக்கு எங்கயும் ஊர் இல்ல" என்றார். "மீதி உங்க குடும்ப விஷயம். நிறுத்திக்கலாம்."

அவள் எங்கே நிறுத்தினாள்! "இன்னும் இருக்கு சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். உன் பரீட்சையைப் படித்தாள். உன் பயத்தைப் படித்தாள். அப்பாக்கள் பயப்படுவார்கள் என்பது அவளுக்குப் புதுச் செய்தி, அங்கே கொஞ்சம் யோசித்தாள். பிறகு கடைசிப் பகுதிக்கு வந்தாள். பெயினிர் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திட்டும்போது நான் எவ்வளவு அழகு என்பதை நம் மகள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வாத்தியார் முன்னால், வீடு அதிர வாசித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் நீ எனக்குச் சொன்ன அத்தனை நல்ல வார்த்தையும் ஒரே மத்தியானத்தில் வந்து சேர்ந்தது, அதுவும் சபை நடுவில். வெட்கத்தில் செத்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ காலம் ஆகிறது.

அவள் இங்கேயே இருப்பாள். நீ பரீட்சை எழுது. தோற்றால் அடுத்த வருஷம் எழுது, அதற்காக யாரும் உன்னை வீட்டைவிட்டுத் துரத்தப்போவதில்லை.

ஒரே ஒரு குறை. அந்தக் கடிதம் என்னிடம் இல்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தர மறுக்கிறாள். "அது அப்பா எனக்கு எழுதினதும்மா" என்று கெஞ்சிப் பார்த்தேன். "நான்தானே படிச்சேன், அப்ப எனக்குத்தான்" என்கிறாள்.

அதனால் எனக்கு இன்னொன்று எழுது.

சன்னா